சமமில்லாத மூன்றாவது ஆள்

ஜூன் 9, திங்கள்

பல்கலைக்கழகத்திலிருந்து கடைசிப் பட்டியல் வந்துவிட்டது. விளையாட்டுச் சொல்லகராதியில் என் பங்குக்கு இன்னும் பதினொரு சொற்கள். ஒவ்வொன்றுக்கும் பொருள், பிறப்பு, தமிழில் வழங்கும் விதம், ஒரு எடுத்துக்காட்டு வாக்கியம். இருநூறு வார்த்தைக்குள் முடிக்க வேண்டும். முதல் சொல் அம்பயர்.

பதிப்பாசிரியர் வனஜா மேடம் போனில் சிரித்தார்.

"உனக்கென்ன ஜோதி, வீட்டுலயே ஒருத்தர வச்சிருக்க. அவரப் பாத்து எழுதிரு."

அப்பா வீட்டில்தான் இருக்கிறார், கட்டிலில். எழுபத்தொரு வயது. தீப்பெட்டி ஆபீஸில் சூப்பர்வைசராக இருந்தவர். ஆனால் கோவில்பட்டியில் சங்கரலிங்கம் என்று கேட்டால் யாருக்கும் தெரியாது. அம்பயர் வீடு என்றால் ஆட்டோக்காரர் நேராகக் கொண்டுவந்து விடுவார். முப்பது வருடம் ஹாக்கி மைதானத்தில் விசிலோடு ஓடிய மனிதர். சர்க்கரை வந்து பதினாறு வருடம் ஆகிறது.

மாவு தீர்ந்துவிட்டது. நாளை அரைக்கக் கொடுக்க வேண்டும்.

ஜூன் 10, செவ்வாய்

தமிழில் அம்பயரும் நடுவர், ரெஃப்ரியும் நடுவர். அகராதியில் இரண்டையும் பிரிக்க வேண்டும். எப்படிப் பிரிப்பது என்று அப்பாவிடம் கேட்டேன்.

"ரெஃப்ரின்னா ஒருத்தன். மொத்தக் கிரவுண்டும் அவனுக்கு. ஹாக்கியில நாங்க ரெண்டு பேரு. ஆளுக்குப் பாதி."

"பாதியில நீங்க ஒண்ணு பாத்து, அவரு பாக்கலேன்னா?"

"அவரு என்னையத் திரும்பிப் பாத்தா கையக் காட்டுவேன். பாக்கலேன்னா பேசாம இருப்பேன். அடுத்தவன் பாதியில ஊதக் கூடாது. ஊதுனா அதுக்கப்புறம் அவன் விசிலுக்கு ஒரு பய நிக்க மாட்டான்."

வீட்டையும் அப்படித்தான் பிரித்து வைத்திருக்கிறார். அம்மா இறந்த மறுவாரம் எங்கள் மூன்று பேரையும் உட்கார வைத்துச் சொன்னார். திருநெல்வேலியில் இருக்கும் செண்பகராஜ் அண்ணனுக்கு டாக்டர், ஸ்கேன், மூன்று மாதத்துக்கு ஒருமுறை பரிசோதனை. இரண்டு தெரு தள்ளி இருக்கும் கோமதி அக்காவுக்கு ஊசி, மாத்திரை, கால். தினமும் காலையில் வந்து பாதத்தைக் கழுவி, விரலிடுக்கைத் துடைத்து, எண்ணெய் போட்டுவிட்டுப் போவாள். எனக்கு மிச்சம். மிச்சம் என்றால் சமையல், பேப்பர், பேச்சுத்துணை. ஒருவர் வேலையில் இன்னொருவர் வாய் வைத்தால் அப்பாவுக்குப் பிடிக்காது. நான்கு வருடமாக இந்த வீட்டில் சண்டையே கிடையாது.

அக்கா நேற்று அத்தான் ஊர்க் கோயில் கொடைத் திருவிழாவுக்கு விளாத்திகுளம் போய்விட்டாள். வெள்ளிக்கிழமை வருவாள். ஊசியை மட்டும் என்னிடம் கொடுத்துவிட்டுப் போயிருக்கிறாள்.

ஜூன் 12, வியாழன்

வெயில். மின்சாரம் இரண்டு மணிநேரம் இல்லை.

பேப்பரில் இருந்த ஹாக்கிச் செய்தியை இரண்டு முறை வாசிக்கச் சொன்னார். பிறகு முகச்சவரம். வீட்டுக்குள்ளேயே இருந்தாலும் அவருக்குச் சாக்ஸ் வேண்டும். வியர்த்திருக்கிறது என்று மாற்றினேன். இடது கால் சாக்ஸில் சுண்டுவிரல் பக்கம் மஞ்சளாக ஒரு கறை. விரல் நுனி கொஞ்சம் கறுத்திருந்தது.

"வலிக்குதாப்பா?"

"அங்க எனக்கு ஒண்ணும் தெரியாதேம்மா."

வேறு சாக்ஸ் போட்டுவிட்டேன். நாளை அக்கா வந்துவிடுவாள்.

மதியம் அம்பயர் பதிவில் நான்கு வரி எழுதினேன். மூன்றை அடித்தேன்.

ஜூன் 13, வெள்ளி

அக்கா போன் செய்தாள். மாமியார் விட மாட்டேன் என்கிறாராம், திங்கள்கிழமைதான் வருவாளாம். பின்னால் மேளச் சத்தம். கத்திக் கத்திப் பேசினாள். அப்பா சாப்பிட்டாரா, ஊசி போட்டேனா என்று கேட்டாள். போட்டேன் என்றேன். காலைப் பற்றி அவள் கேட்கவில்லை.

தேங்காய்ச் சட்டினி புளித்துவிட்டது.

ஜூன் 15, ஞாயிறு

அம்பயர் என்ற சொல்லின் கதை கிடைத்தது. ஆங்கிலத்துக்கு அது பழைய பிரெஞ்சிலிருந்து போயிருக்கிறது. அங்கே நோம்பேர். சமமில்லாதவர், ஜோடி சேராதவர் என்று பொருள். ஆங்கிலத்தில் முதலில் நூம்பேர் என்றே சொன்னார்கள். காலப்போக்கில் சொல்லின் தலையில் இருந்த மெய்யை முன்னால் நின்ற ஓரெழுத்து இழுத்துக்கொண்டு போய்விட்டது. 'எ நூம்பேர்' 'அன் ஊம்பேர்' ஆயிற்று. மிஞ்சியது அம்பயர்.

விளையாட்டுக்கு வருவதற்கு முன்னூறு வருடம் முன்பே இந்தச் சொல் வழக்குகளில் இருந்திருக்கிறது. இரண்டு பேருக்குள் தகராறு. ஆளுக்கொரு மத்தியஸ்தரை வைக்கிறார்கள். மத்தியஸ்தர்கள் இருவரும் ஒத்துப்போகவில்லை. அப்போது வெளியிலிருந்து மூன்றாவதாக ஒருவரை அழைக்கிறார்கள். அவர் சொன்னது முடிவு. அவர்தான் நூம்பேர். இந்தப் பக்கமும் இல்லை, அந்தப் பக்கமும் இல்லை.

நல்ல பதிவாக வரும். ஒரு வாரத்துக்குப் பிறகு இன்று கொஞ்சம் சந்தோஷமாக இருந்தது.

அறையில் ஒரு வாடை. ஊதுவத்தி ஏற்றி வைத்தேன்.

ஜூன் 16, திங்கள்

அக்கா காலை ஏழரைக்கு வந்தாள். பையைக்கூட வைக்காமல் அப்பா காலருகே உட்கார்ந்து சாக்ஸை உருவினாள்.

"இது எப்ப இருந்துப்பா?"

"தெரியலம்மா."

"ஏட்டி, ஜோதி."

அதற்குள் நான் பால் பாக்கெட் எடுக்க வாசலுக்குப் போயிருந்தேன். திரும்பி வந்தபோது அண்ணனுக்கு போன் போட்டிருந்தாள். பேச முடியாமல் போனை என் கையில் தந்தாள்.

"கால் கொஞ்சம் மோசமா இருக்கு" என்றேன் அண்ணனிடம்.

மதியம் பன்னிரண்டுக்குக் கார் வந்தது.

ஜூன் 17, செவ்வாய். திருநெல்வேலி

அண்ணன் வீட்டுக்குப் பக்கத்திலேயே இருக்கும் தனியார் ஆஸ்பத்திரி. இரண்டாவது மாடி. ஜன்னலைத் திறந்தால் ஒரு லாரி ஷெட்.

டாக்டருக்கு என் வயதுதான் இருக்கும். சுண்டுவிரலும் அதற்கடுத்ததும் செத்துவிட்டன, எடுத்தாக வேண்டும் என்றார். கிருமி எதுவரை ஏறியிருக்கிறது என்று இப்போது சொல்ல முடியாது என்றார். பிறகு, யாரையும் குற்றம் சொல்லாத குரலில்:

"ஒரு நாலஞ்சு நாள் முன்னாடி வந்திருந்தா ஒரே விரலோட போயிருக்கும்."

அக்கா சுவரில் சாய்ந்தாள். அண்ணன் அவளைப் பார்த்தான். அவன் பார்த்ததே போதும்.

நான் டாக்டர் எழுதிக் கொடுத்த மருந்துச் சீட்டைப் பார்த்துக்கொண்டிருந்தேன். கையெழுத்து புரியவில்லை.

ஜூன் 18

இரண்டு விரல்களை எடுத்தார்கள். இருபத்தைந்து நிமிடம்.

ஜூன் 20, வெள்ளி

அப்பா நன்றாகப் பேசுகிறார். காப்பியில் சர்க்கரை வேண்டும் என்று நர்ஸிடம் சண்டை. "நான் இருபத்தி ரெண்டு பேர மேச்சவன்மா" என்கிறார். நர்ஸ் சிரித்துவிட்டுச் சர்க்கரையில்லாத காப்பியையே கொடுத்தாள்.

அகராதி வேலையை மடிக்கணினியில் இங்கேயே பார்க்கிறேன். ஒரு விஷயம் கண்ணில் பட்டது. பழைய கால்பந்தில் அணிக்கு ஒருவராக இரண்டு அம்பயர்கள். ஆளுக்கொரு அணி கூட்டிவந்தவர்கள். அவர்களுக்குள் ஒத்துவராதபோது கோட்டுக்கு வெளியே நின்ற ஒருவரிடம் கேட்பார்கள். அவர்தான் ரெஃப்ரி. கேட்கப்படுபவர் என்று பொருள். பிறகு ஒரு நாள் ரெஃப்ரியை உள்ளே வரச்சொல்லிவிட்டு, அம்பயர்கள் இருவரையும் கோட்டுக்கு வெளியே கொடியோடு நிறுத்திவிட்டார்கள்.

வெளியே நின்றவர் எப்போது உள்ளே வந்தார் என்பதற்கு வருடம் இருக்கிறது. 1891.

ஜூன் 21, சனி

பாதத்தின் மேல்பக்கம் நிறம் மாறிவிட்டது. முழங்காலுக்குக் கீழே எடுத்துவிடலாம் என்கிறார் டாக்டர். விட்டால் ரத்தத்தில் ஏறும், ஏறினால் ஆளைக் காப்பாற்றுவது கஷ்டம்.

வராந்தாவில், தண்ணீர் கேன் பக்கத்தில் சண்டை.

"எடுத்துருவோம். அப்பா வேணுமா, கால் வேணுமா?" என்றான் அண்ணன்.

"மதுரையில ரத்தக் குழாய் அடைப்ப எடுத்தே கால காப்பாத்துறாங்களாம். எங்க மாமியாரோட தம்பிக்குப் பண்ணாங்க. இப்ப நடக்காரு."

"டாக்டர்ட்ட கேட்டாச்சு. அதுக்கான நேரம் போயிருச்சுங்காரு."

"நேரம் போயிருச்சு, நேரம் போயிருச்சுன்னு என்னையவே குத்து."

"நான் எங்கட்டி ஒன்னையக் குத்துனேன்?"

"குத்தல. வாயத் தொறக்காமப் பாக்கியே, அதுக்கென்ன பேரு?"

அப்பாவிடம் போனார்கள். படிவத்தில் அவரும் கையெழுத்துப் போட வேண்டும். அப்பா சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்தார். "நீங்களே பேசிக்கிடுங்க. ரெண்டு பேரும் ஒண்ணாச் சொன்னாப் போடுதேன்."

ஜூன் 22, ஞாயிறு

காலையில் இருவரும் என்னிடம் வந்தார்கள். சேர்ந்து வந்தார்கள் என்பதே ஆச்சரியமாக இருந்தது.

"பாப்பா, நீ படிச்சவ. நீ யாரு பக்கமும் பேசல" என்றான் அண்ணன். "நீ என்ன சொல்றியோ அதுக்கு நாங்க ரெண்டு பேரும் கட்டுப்படுறோம்."

அக்கா தலையாட்டினாள். அவள் கண்கள் வீங்கியிருந்தன.

"யோசிச்சுச் சொல்றேன்."

"எப்போ?"

"நாளைக்கு."

இருவருக்கும் கொஞ்சம் நிம்மதி. அண்ணன் எனக்கு இட்லி வாங்கிவந்தான். இதுவரை இந்தக் குடும்பத்தில் யாரும் எனக்கு எதையும் முடிவு செய்யக் கொடுத்ததில்லை. இப்போது ஒரு கால்.

ஜூன் 23, திங்கள்

சொல்லவில்லை.

மதுரை ஆஸ்பத்திரிக்கு போன் செய்தேன். படங்களை அனுப்பச் சொன்னார்கள், அனுப்பினேன். பதிலுக்குக் காத்திருக்கிறேன் என்று இருவரிடமும் சொன்னேன். பதில் அரை மணிநேரத்தில் வந்துவிட்டது. கொண்டுவந்து பயனில்லை, அங்கேயே உடனே எடுத்துவிடுங்கள். அதை இன்னும் யாரிடமும் சொல்லவில்லை. எப்படிச் சொல்வது என்று யோசிக்கிறேன்.

மதியம் வனஜா மேடம்.

"அம்பயர் முடிஞ்சுதா?"

"முடிஞ்ச மாதிரிதான் மேடம். எடுத்துக்காட்டு வாக்கியம்தான் வரல."

"ஒரு வாக்கியம்மா. 'அம்பயர் விசில் ஊதினார்.' அதுக்கு ரெண்டு வாரமா?"

இதுவரையான பதிவு இப்படி இருக்கிறது:

அம்பயர். பெயர்ச்சொல். கிரிக்கெட், ஹாக்கி, டென்னிஸ் முதலியவற்றில் விதிகளின்படி தீர்ப்பளிப்பவர். எந்தப் பக்கமும் சாராதவர். ஆட்டத்தில் நடப்பவற்றில் பங்கில்லாதவர்.

கடைசி வரியை எழுதியதும் மடிக்கணினியை மூடிவிட்டேன். சார்ஜ் குறைவாக இருந்தது.

ஜூன் 24, செவ்வாய்

காய்ச்சல் நூற்றிரண்டு. அப்பா சொல்வது பாதி குழறுகிறது. அம்மாவின் பெயரைச் சொல்லி என்னைக் கூப்பிட்டார்.

டாக்டர் முழங்காலுக்குக் கீழே பேனாவால் ஒரு கோடு போட்டிருந்தார். சிவப்பு அதைத் தொட்டுக்கொண்டிருக்கிறது. "நாளைக்குள்ள முடிவு பண்ணுங்க. கோட்டைத் தாண்டிருச்சுன்னா முழங்காலுக்கு மேலதான். அதுக்கும் மேல போச்சுன்னா நான் சொல்றதுக்கு ஒண்ணுமில்ல."

அண்ணன் என்னைப் பார்த்தான். நாளை காலை என்றேன்.

அக்கா மாடிப்படியில் உட்கார்ந்திருந்தாள். கொடைக்குப் போயிருக்கக் கூடாது என்றாள். ஆறு நாள் என்றாள். ஒரு நாள் விடாமல் நாலு வருஷம் பார்த்த காலை ஆறு நாள் விட்டுவிட்டேனே என்றாள். மாமியார்மேல் போட்டுச் சொன்னேனே, எனக்கும் இருக்கணும்னு ஆசையாத்தான் இருந்துச்சு ஜோதி, அஞ்சு நாள் பாத்திரம் கழுவாம இருந்தேன் என்றாள்.

அவளுக்கு டீ வாங்கிவந்து கொடுத்தேன். சர்க்கரை குறைவாக, அவளுக்குப் பிடித்த மாதிரி.

ஜூன் 25, புதன்

இன்று எல்லாவற்றையும் எழுத வேண்டும்.

காலையில் அப்பாவுக்குக் காய்ச்சல் விட்டிருந்தது. ஒன்பது மணிக்கு தேவசகாயம் மாமா வந்தார். அப்பாவோடு இருபது வருடம் மறுபாதி மைதானத்துக்கு அம்பயராக இருந்தவர். கோவில்பட்டியிலிருந்து பஸ்ஸில், கையில் சாத்துக்குடிப் பையோடு.

"என்ன அம்பயரே, ஹாஃப் டைமா?"

"ஒனக்கு எவன் சொன்னான்? கண்ணு தெரியாதவனுக்குச் சேதி மட்டும் தெரிஞ்சிருது."

"கண்ணு தெரியாதவனா? பாப்பா, கேளு. தொண்ணூத்தி நாலு ஃபைனலு. கடைசி நிமிஷம். பந்து அடிச்சவன் கால்ல பட்டுத்தான் உள்ள போச்சு, கால்ல பட்டா கோலு கெடையாது. என் பாதி. எனக்கு முன்னால ரெண்டு தடிப்பய மறைச்சு நிக்கான். நான் கோலு குடுத்துட்டேன். ஒங்கப்பன் அம்பது கஜம் தள்ளி நின்னு தெளிவாப் பாத்திருக்காரு."

"நீ என்னையத் திரும்பிப் பாத்தியாலே? பாத்திருந்தா கையக் காட்டிருப்பேன்."

"ஒரு சத்தம் குடுத்திருக்கலாம்ல."

"ஒன் பாதி."

"ரெண்டு வருஷம் கழிச்சு டீக்கடையில வச்சுச் சொல்லுதாரும்மா. தேவசகாயம், அது கால்ல பட்டுச்சுன்னு."

"நீ கேட்ட. நான் சொன்னேன்."

இந்தக் கதையைச் சின்ன வயதில் எத்தனையோ முறை கேட்டிருக்கிறேன். வீட்டில் இது அப்பாவின் பெருமைக் கதை. அடுத்தவர் மரியாதையில் கைவைக்காத மனுஷன். எப்போதும் இந்த இடத்தில் எல்லாரும் சிரிப்பார்கள். இன்று தேவசகாயம் மாமா சிரிக்கவில்லை. சாத்துக்குடிப் பையை மடியில் வைத்து முடிச்சை அவிழ்த்துக்கொண்டே சொன்னார்:

"தோத்த டீமு கேப்டன், அந்தப் பய, அதோட மட்டையத் தொடவே இல்ல. தெரியுமா?"

"தெரியாது."

"ஒனக்கு எதுக்குத் தெரியணும்? ஒன் பாதி சுத்தமா இருந்துச்சுல்ல."

மாமா ஒரு பழத்தை உரித்து, சர்க்கரை நோயாளிக்கு ஆகாது என்று தானே தின்றுவிட்டுப் போனார்.

அறையில் நானும் அப்பாவும் மட்டும். நாற்காலியை இழுத்துப் போட்டேன். நாற்காலிக் கால் தரையில் கீறிய சத்தம் பெரிதாக இருந்தது.

"அப்பா. நான் வியாழக்கிழமையே பாத்தேன். பன்னண்டாம் தேதி. விரல் கறுத்திருந்துச்சு."

"தெரியும்."

"எப்படி?"

"காலுலதான் உணர்ச்சி இல்ல. கண்ணு இருக்குல்லா. நீ பாத்த, மூஞ்சி மாறுச்சு, வேற சாக்ஸ எடுத்து மாட்டிவிட்ட."

"அப்ப ஏன்பா யார்ட்டயும் சொல்லல?"

"நீ ஏன் சொல்லல?"

கோமதி அக்காவின் வேலை என்று சொல்ல வாயெடுத்தேன். அது வரவில்லை. "பயமா இருந்துச்சு" என்றேன்.

"எனக்கும்தான்."

லாரி ஷெட்டில் யாரோ இரும்பைத் தட்டிக்கொண்டிருந்தார்கள்.

"வெட்டுனா நடக்க முடியாது. வெட்டலேன்னா?" என்றார்.

"இருக்க முடியாது. மதுரையிலயும் கேட்டுட்டேன். அவங்களும் எடுக்கத்தான் சொல்றாங்க. முந்தா நாளே சொல்லிட்டாங்க."

"முந்தா நாளேவா." என்னைப் பார்த்தார். கோபமாக இல்லை. மைதானத்தில் சின்னத் தப்பு செய்தவனைக் கூப்பிட்டு எண்ணைக் குறித்துக்கொள்வாரே, அப்படி. "போ. மொதல்ல கோமதிட்ட சொல்லு. எல்லாத்தையும். அப்புறம் படிவத்த எடுத்துட்டு வா."

அக்கா வராந்தாவில் துண்டு மடித்துக்கொண்டிருந்தாள். சொன்னேன். மடிப்பதை அவள் நிறுத்தவில்லை.

"வெள்ளிக்கிழமை நான் போன் பண்ணுனேன்."

"ஆமா."

"அப்பவே தெரியும்."

"ஆமா."

"டாக்டர் நாலஞ்சு நாளுன்னு சொன்னப்ப நீ பக்கத்துல நின்ன."

"ஆமாக்கா."

"எட்டு நாளா நான் என்னையத் தின்னுக்கிட்டிருக்கேன். நேத்து நீ எனக்கு டீ வாங்கிக் குடுத்த." துண்டை அடுக்கின்மேல் வைத்தாள். "சர்க்கரை கம்மியா வேற."

நான் நின்றேன். அடிப்பாள் என்று நினைத்தேன். அடித்திருக்கலாம்.

"மதுரையில?"

"முடியாதுன்னுட்டாங்க."

"சரி. எடுத்துரட்டும்."

அவ்வளவுதான். நான்கு நாளாக அண்ணனும் டாக்டரும் சொல்லி அசையாதவள். துண்டு அடுக்கை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள். கதவைச் சாத்தவில்லை, ஆனால் திரும்பியும் பார்க்கவில்லை.

அண்ணனிடம் கடைசியாகச் சொன்னேன். அவன் நெற்றியைத் தேய்த்தான். "நான் அவளப் பாத்த பார்வ" என்றான். முடிக்கவில்லை.

பதினொன்றரைக்கு அப்பா கையெழுத்துப் போட்டார். ஆங்கிலத்தில், வளைத்து, கீழே இரண்டு கோடு. நாளை காலை முதல் ஆபரேஷன்.

மதியம் பதிவைத் திறந்து கடைசி இரண்டு வாக்கியங்களை எடுத்தேன். எந்தப் பக்கமும் சாராதவர், நடப்பவற்றில் பங்கில்லாதவர். அந்த இடத்தில் இப்படிப் போட்டேன்: 'இருவருக்குள் உடன்பாடு இல்லாதபோது அழைக்கப்படுபவர்.' எடுத்துக்காட்டு: 'அம்பயர் விசில் ஊதினார்.' அனுப்பிவிட்டேன்.

ஜூன் 26, வியாழன்

சிவப்பு கோட்டைத் தாண்டியிருந்தது. அரை விரல்கடை. ஆனாலும் முழங்காலை விட்டுவைக்க முடிந்தது என்று வெளியே வந்து சொன்னார் டாக்டர். முகமூடியைக் கழற்றாமலே சொன்னார். அண்ணன் அவர் கையைப் பிடித்துக்கொண்டான். விடவில்லை.

அப்பாவுக்கு இன்னும் மயக்கம் தெளியவில்லை. உயிருக்குப் பயமில்லை.

பதினோரு மணிக்கு நர்ஸ் வந்தாள். எடுத்த காலை என்ன செய்வது என்று கேட்டாள். எழுதிக் கொடுத்தால் வீட்டார் கொண்டுபோய்ப் புதைக்கலாம், இல்லையென்றால் ஆஸ்பத்திரி ஆட்களே பார்த்துக்கொள்வார்கள். இந்தக் கேள்வியை எங்களில் யாரும் எதிர்பார்க்கவில்லை. யார் வேலை என்று யாருக்கும் சொல்லப்படாத வேலை.

அண்ணன் அப்பா பக்கத்தில் இருக்க வேண்டும்.

"நான் கொண்டு போறேன்" என்றாள் அக்கா. நேற்றிலிருந்து என் காதில் விழ அவள் பேசிய முதல் வார்த்தை. என்னிடம் பேசியதல்ல.

நானும் பின்னாலேயே போனேன். வராதே என்று அவள் சொல்லவில்லை.

வெள்ளைத் துணி சுற்றி, அதற்கு மேல் மஞ்சள் பிளாஸ்டிக் உறை. நினைத்ததைவிடக் கனம். ஆட்டோவில் அக்கா மடியில் வைத்திருந்தாள். பள்ளத்தில் ஆட்டோ குலுங்கியபோது இரண்டு கையாலும் அணைத்துக்கொண்டாள். என்ன பார்சல் என்று டிரைவர் கேட்டார். துணி என்றேன்.

சுடுகாட்டில் ஒரே ஒருவர். பெயர் மாடசாமி என்றார். எங்களைப் பார்த்துவிட்டு எங்களுக்குப் பின்னால் பார்த்தார்.

"ஆம்பளைங்க யாரும் வரலையா?"

"ஒருத்தர் ஆஸ்பத்திரியில இருக்காரு" என்றாள் அக்கா.

"வேற?"

"இன்னொருத்தரும் ஆஸ்பத்திரியிலதான்."

ஆஸ்பத்திரிச் சீட்டைக் கொடுத்தேன். வாசித்தார், உறையைப் பார்த்தார், அதற்கு மேல் ஒன்றும் கேட்கவில்லை. வேலி ஓரம் வேப்பமரத்துக்குக் கீழே குழி தோண்டினார். மண் இறுகியிருந்தது. அரை மணிநேரம் ஆயிற்று. அக்கா அதுவரை மடியில் வைத்தபடியே ஒரு கல்லில் உட்கார்ந்திருந்தாள். உள்ளே இறக்குவதற்கு முன் துணிமேல் ஒருமுறை உள்ளங்கையால் தடவினாள், மேலிருந்து கீழே, எண்ணெய் போடுவதுபோல. நான் ஒரு பிடி மண் போட்டேன். அவளும் போட்டாள். எத்தனை முறை போடுவது என்று தெரியாமல் இருவரும் ஒன்றோடு நிறுத்திக்கொண்டோம்.

குழாயடியில் கை கழுவினோம். அக்கா சேலை முந்தானையில் துடைத்துக்கொண்டே மாடசாமியிடம் கேட்டாள்:

"அண்ணாச்சி, இதுக்குத் தீட்டு உண்டா? வீட்டுக்குள்ள போறதுக்கு முன்னால குளிக்கணுமா?"

அவர் மண்வெட்டியைச் சுவரில் சாய்த்துவிட்டு யோசித்தார்.

"ஆளு இருக்காருல்லம்மா. தெரியலயே. இதுவரைக்கும் யாரும் கேட்டதில்ல."

அக்கா என் பக்கம் திரும்பினாள். நேற்றுக் காலைக்குப் பிறகு முதல்முறையாக முகத்துக்கு நேராகப் பார்த்தாள். வெயிலில் கண்ணைச் சுருக்கிக்கொண்டு.

"நீ சொல்லு."

"குளிச்சிருவோம்க்கா" என்றேன்.